பன்னிரண்டாம் மாடியின் கறுப்புச் சேலை

மங்கையற்கரசி அன்ரி தன் பல்கனியில் கறுப்புச் சேலையைக் கட்டிய மறுநாள் காலை, எங்கள் மாடியில் குடியிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி வாழைப்பழக் கேக்கைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது அன்ரியின் கணவர் இரத்தினவேல் அங்கிள். சக்கர நாற்காலியில் இருந்த அவரைக் கண்டதும் அவளுடைய முகம் போன போக்கை எதிர்க்கதவில் நின்று நான் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்திருந்தாள், பாவம். செத்தவரே வந்து கதவைத் திறப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஆராம் செத்தது?" என்று உள்ளேயிருந்து அன்ரி கேட்டார்.

"நான்தானாம். கேக் கொண்டு வந்திருக்கிறா."

"வாழைப்பழக் கேக்கோ? உங்களுக்கு அது ஆகாது. இஞ்சை தாங்கோ."

அங்கிளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வாழைப்பழம் அவருக்கு விலக்கப்பட்ட பண்டம். அந்தக் கேக்கை நானும் அன்ரியும் சாப்பிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் செத்த வீட்டுக்கு வெள்ளைக்கொடி கட்டுவார்கள். கறுப்பு என்றால் எதிர்ப்பு. அமைச்சர் வந்தால், சுதந்திர தினம் வந்தால், கடைவாசலிலும் மின்கம்பத்திலும் கறுப்புக்கொடி ஏறும். அதில் ஓர் எழுத்தும் இருக்காது, எழுதவேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை. ரொறன்ரோவிலும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள் என்று அன்ரி நினைத்துவிட்டார். கட்டிட மனேஜர் அது வெயிலுக்குப் போட்ட திரை என்று நினைத்தாராம். கீழ்மாடியில் ஒருவர் தலையைக் குனிந்து, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

"இந்த நாட்டில கோவத்தையும் எழுதித்தான் காட்டோணும் போல," என்றார் அன்ரி.

நான் கஜனி. நான்கு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு, கையில் இருந்தது முடிந்ததும் அம்மாவின் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். ஒரு மாதத்தில் மறுபடி புறப்படுவது என்பதுதான் திட்டம். ஸ்காபரோவில், அஜின்கோர்ட்டுக்குத் தெற்கே நிற்கும் அந்தக் கட்டிடத்தின் பன்னிரண்டாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு அன்ரியுடையது. சின்ன வயதில் எனக்குப் பள்ளிக்கூட நடனத்துக்குச் சட்டை தைத்துத் தந்தவர். திரும்பி வந்தபோது அவரிடம் மாறியிருந்தது ஒன்றுதான். மாடிப்படியில் ஏறும்போது ஆறாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

கட்டிடத்துக்கு இரண்டு லிஃப்ற். ஒன்று போன இலையுதிர் காலத்தில் நின்றது. மற்றது தன் மனம்போல ஓடும். பெப்ரவரியில் அதுவும் நின்றபோது அங்கிள் ஒரு சுத்திகரிப்பைத் தவறவிட்டார். அடுத்த நாள் நெஞ்சில் நீர் ஏறி, மூச்சு எடுக்க முடியாமல் தவித்தார். தீயணைப்புப் படையினர் வந்து கதிரையோடு அவரைத் தூக்கிக்கொண்டு படிகளால் இறங்கினார்கள். இறங்கும்போது, "மங்கை, என்ரை சப்பாத்தை எடுத்தனியோ?" என்று கேட்டுக்கொண்டே போனாராம். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தார். இன்னொரு தடவை தவறவிட்டால் இப்படித் திரும்பி வருவாரா என்று சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அதைக் கேட்ட நாளிலிருந்து அன்ரிக்கு வாழ்க்கையில் வேறு கேள்வி இல்லை. லிஃப்ற் ஓடுமா, ஓடாதா?

கட்டிடத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் குடியிருப்பவர்கள் எத்தனையோ தடவை எழுதினார்கள். உதிரிப்பாகம் வருகிறது என்ற பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அரச குடும்பம் வருகிறது என்ற செய்தி வந்தது. மே மாதம், ஒரு சனிக்கிழமை. மன்னரின் முடிசூட்டு விழா ஆண்டு நிறைவைக் குடியேறிகளோடு கொண்டாடுவதற்காக, எங்கள் கட்டிடத்தை ஒட்டிய பூங்காவில் விழா. வருவது யார் என்று பெயர் சொல்லவில்லை, பாதுகாப்புக் காரணமாம். ஆனால் வேலை தொடங்கிவிட்டது. நடைபாதையில் பூச்சட்டிகள் வந்தன. வரவேற்பு மண்டபத்துக்கு வெள்ளை அடித்தார்கள். ஓடாத லிஃப்றின் கதவுக்குப் புது வர்ணம் பூசி, பளபளவென்று ஒரு தகடும் அடித்தார்கள்.

அந்தத் தகட்டில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்த அன்றுதான் அன்ரி மேலே வந்து கறுப்புச் சேலையை எடுத்துக் கட்டினார்.

"பெயின்ற் அடிக்க ஆள் இருக்கு. திருத்த ஆள் இல்லையாம்," என்றார்.

---

மங்கையற்கரசி அன்ரி மானிப்பாய்க்காரி. தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்து, கணவரும் கைக்குழந்தையுமாக இங்கே வந்து இறங்கியவர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் வேலை. அது நகரத்தின் மறு கோடியில், ரெக்ஸ்டேலுக்கு அப்பால். இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போய் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறார். நான் எத்தனையோ ஆகாயத்தில் அந்தச் சின்னத் தட்டுகளின் மூடியை உரித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மூடி ஒட்டியவர் விமானத்தில் ஏறியது வாழ்நாளில் இரண்டே தடவை.

அங்கிள் பேக்கரிப் பாண் கொண்டுபோகும் லொறி ஓட்டியவர். நீரிழிவு முதலில் ஒரு காலின் பாதத்தை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. மகன் திலக்சன் மார்க்கம் நகரில் பெரிய வீடு வாங்கி, கணினி வேலை செய்கிறான். அங்கே வரும்படி கூப்பிட்டான். நிலக்கீழ் அறைகளைத் தருவதாகச் சொன்னான்.

"கீழ போகப் பதின்மூண்டு படி," என்றார் அன்ரி. "இஞ்சை லிஃப்ற் எண்டு ஒண்டாவது கிடக்கு, திருத்தச் சொல்லிக் கேக்கலாம். அங்கை ஆரைக் கேக்கிறது, மருமகளையோ?"

கேக் வந்த அன்று மாலை சேலையை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து தரையில் விரித்தோம். எழுத்து வெட்டுவதற்கு வெள்ளைத் துணி வேண்டும். அன்ரி அலுமாரியைத் திறந்து அங்கிளின் வேட்டிகளை எடுத்தார்.

"உது கலியாண வேட்டி," என்றார் அங்கிள்.

"இனி ஆருக்குக் கலியாணம்?"

அங்கிள் யோசித்துவிட்டு, "கரையை மட்டும் வெட்டி எனக்குத் தா," என்றார்.

நான் ஆங்கிலத்தில் வாசகத்தை எழுதிக் காட்டினேன். தயவுசெய்து எங்கள் லிஃப்றுகளைத் திருத்துங்கள். அன்ரி அதை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். முதற் சொல்லில் கத்தரிக்கோலின் நுனியை வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"மரியாதைக்கு, அன்ரி."

"மரியாதையா எட்டு மாதம் கேட்டாச்சு. மரியாதைக்குத் துணியும் காணாது." 'தயவுசெய்து' போய்விட்டது. மிச்சத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தைத்து முடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை உயரம். தையல் மெஷினில் ஆறு கஜத் துணி ஓடுவதைப் பார்க்க நல்லாயிருந்தது.

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. லண்டனில் முடிசூட்டு விழா நடந்த நாளில் நான் அங்கே ஒரு விடுதியில் படுக்கை விரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். வாகனத்திலிருந்து பதாகை இறக்கியவர்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாதுகாப்பு என்றார்கள். அன்று முழுக்க எனக்குக் கோபமாக இருந்தது.

"உங்களுக்கு ராசா ராணி எண்டால் பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

"எனக்கும் அவைக்கும் என்ன கோவம்?" ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார். "நான் சிட்டிசன் எடுக்கேக்கை கை உயத்திச் சத்தியம் பண்ணினனான். மகாராணிக்கும் அவவின்ரை வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பன் எண்டு. இப்ப வாறது அந்த வாரிசுதானே. நான் விசுவாசமா வாடகை கட்டி, விசுவாசமா படி ஏறி இருக்கிறன். ஒருக்கா அண்ணாந்து பாத்திட்டுப் போகட்டன்."

---

எழுத்தோடு சேலை ஏறிய அடுத்த நாளே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மனேஜர் மேலே வந்தார். அன்று லிஃப்ற் ஓடியது, அதனால் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. கதவின் கீழால் எல்லா வீடுகளுக்கும் போட்ட அறிவித்தலைக் காட்டினார். விழா நாளில் பல்கனியில் எதுவும் தொங்கக்கூடாது, யாரும் நிற்கக்கூடாது, லிஃப்ற் காலை தொடக்கம் பொலிஸ் பாவனைக்கு. மீறினால் வீட்டைக் காலி செய்விக்கும்படி வாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போடவேண்டி வரும் என்று அமைதியாகச் சொன்னார்.

"போடுங்கோ," என்றார் அன்ரி. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்றிரவு திலக்சன் தொலைபேசியில் வந்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, என்ன டிராமா இது? யாரோ போட்டோ எடுத்து குரூப்பில போட்டிருக்கினம். என்ரை வேலை இடத்தில எல்லாம் பாக்கினம்."

"வடிவாத் தெரியுதோ?"

"அம்மா!"

"எழுத்து வாசிக்கக் கூடியதா இருக்கோ எண்டு கேக்கிறன்."

"...தெரியுது."

"அப்ப சரி. சாப்பிட்டியா?"

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பொலிஸ் வந்தது. வந்தவர் தமிழர், பெயர் பிரியந்தன். முப்பது வயது இருக்கும். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே சப்பாத்தைக் கழற்றினார். அதைக் கண்டதும் அங்கிள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தமிழ் தெரிந்தவரை வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஆற்றை பெடியன் நீ?" என்று தொடங்கினார் அன்ரி.

"அன்ரி, நான் ஒஃபிஷலா வந்திருக்கிறன்."

"ஒஃபிஷலா வந்தாலும் ஆற்றையோ பெடியன்தானே. ரீ குடிப்பியோ?"

"இல்லை அன்ரி, தாங்ஸ். இஞ்சை பாருங்கோ. நீங்கள் என்ன எழுதியிருக்கிறியள் எண்டது எங்களுக்கு ப்ரொப்ளமே இல்லை. உங்கடை ரைட் அது. ஆனா எதிர்க் கட்டிடத்துக் கூரையில எங்கடை ஆக்கள் நிப்பினம். அவைக்கு ஒவ்வொரு பல்கனியும் கிளியரா தெரியோணும். உங்கடை சீலை மேல கம்பியில இருந்து கீழ வரைக்கும் தொங்குது. அதுக்குப் பின்னால ஒராள் நிண்டால் தெரியாது. நிக்கிறவர் நல்லவரோ கெட்டவரோ எண்டும் தெரியாது. அவ்வளவுதான்."

"அப்ப எல்லாத்தையும் கழட்ட வேண்டாம், பின்னால ஆள் நிக்காட்டிச் சரி. அதைத்தானே சொல்லுறாய்?"

"பூங்காவுக்கு அந்தப் பக்கம், கார்ப் பார்க்கில வேலி அடைச்சு, ப்ரொட்டெஸ்ட் பண்ணுறவைக்கு எண்டு இடம் விட்டிருக்கு. உதை அங்கை கொண்டுபோய்ப் பிடிக்கலாம்."

"அங்கை நிண்டால் ஆருக்குத் தெரியும்?"

வேலிக்கும் பூங்காவுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடம் இருக்கிறது. அது பிரியந்தனுக்கும் தெரியும்.

"தம்பி, நான் ஊரில ஆமிச் சென்றி கடந்து கடந்து வளந்தனான்," என்றார் அன்ரி. "பாதுகாப்பு எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். வாறவைக்கு ஒண்டும் நடக்கக் கூடாது. அதிலை எனக்கு மறு கதை இல்லை. ஆனா இந்தச் சீலை கார்ப் பார்க்குக்குப் போகாது. லிஃப்ற் கார்ப் பார்க்கிலயோ கிடக்கு? இஞ்சைதானே கிடக்கு. சீலைக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டுதானே உங்களுக்குப் பயம்? நீ வந்து நில்."

"என்ன?"

"சனிக்கிழமை காலையில வா. ரண்டு பேராவும் வாங்கோ. பல்கனியில கதிரை போட்டு விடுறன். எல்லா இடமும் தேடிப் பாருங்கோ, என்ரை கட்டிலுக்குக் கீழயும் பாருங்கோ. நீங்களே நிண்டால் வேற ஆள் நிக்க ஏலாதுதானே."

பிரியந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அன்ரி, பொலிஸ் உங்கடை பேனருக்குக் காவல் நிக்கிறதோ?"

"பேனருக்கு இல்லை, ராசாவுக்கு. பேனர் பக்கத்தில கிடக்கட்டன்."

பிரியந்தன் வெளியே போய் நெடுநேரம் யாரோடோ கதைத்தார். திரும்பி வந்து சொன்னார்: சேலையின் மேல் விளிம்பு பல்கனியின் கைப்பிடிக் கம்பிக்கு மேலே வரக்கூடாது. வெளிப்பக்கமாக, கீழ்நோக்கித் தொங்கலாம். காற்றில் கழன்று விழாதபடி கட்டவேண்டும். இரண்டு பேர் பல்கனியில் நிற்பார்கள். வேறு யாரும் நிற்கக்கூடாது.

"லிஃப்ற்?" என்று கேட்டார் அன்ரி. "சனிக்கிழமை இவருக்கு டயலிசிஸ். பத்தரைக்கு கீழ வீல்ட்ரான்ஸ் பஸ் வரும், கதிரையோட ஏத்திற பஸ்."

"அதை நான் அரேஞ்ச் பண்ணுறன். பொலிஸ் லிஃப்றில அங்கிளைக் கொண்டு போவம். ப்ராமிஸ்."

"சரி. இனி ரீ குடி."

குடித்தார். போகும்போது சப்பாத்தைப் போட்டபடி, "அன்ரி, கீழ்வீட்டுக்காரர் ஓம் எண்டு சொல்லோணும். சீலை அவருடைய பல்கனிக்கு முன்னால தொங்கும்," என்றார்.

கீழ்வீட்டுக்காரர் அமிர்தநாதர். அதைக் கேட்டதும் அங்கிள் தலையில் கை வைத்தார்.

---

பதினோராம் மாடியில் தனியாக வாழும் அமிர்தநாதர் அண்ணைக்கு எழுபத்தைந்து வயது. அரச குடும்பம் என்றால் உயிர். சுவர் நிறையக் கல்யாணத் தட்டுகள், முடிசூட்டுக் கோப்பைகள், சட்டம் போட்ட படங்கள். யேசுவின் திருவிருதயப் படம்கூட ஓர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. நாங்கள் போனபோது கடதாசிக் கொடிகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும், தெரியும். கறுப்புக்கொடிக்காரர் வருவியள் எண்டு தெரியும்," என்றார். "அறுபது வருசமா நான் காத்திருந்தது. என்ரை பல்கனிக்கு நேர கீழ வருகினம். நீ அதிலை கறுப்புத் துணியைத் தொங்க விடப்போறாய்."

"அண்ணை, இந்தக் கொடி அவைக்கு இல்லை. கொம்பனிக்கு."

"அது எனக்கும் உனக்கும் தெரியும். அவைக்கு எப்பிடித் தெரியும்? தங்களுக்கு எண்டுதானே நினைப்பினம்."

"அதுதான் எழுதியிருக்கு."

"எங்களைப் பற்றி என்ன நினைப்பினம், மங்கை? விருந்தாளியைக் கூப்பிட்டு வைச்சு, வீட்டு ஓட்டையைக் காட்டுறதோ?"

அன்ரி கடதாசிக் கொடிகளைப் பார்த்தார். "ஓம் அண்ணை, காட்டுறதுதான். விருந்தாளி வாற நாளிலதான் கொம்பனி வீட்டைப் பாக்குது. மற்ற நாளில பாத்தால் நான் ஏன் காட்டிறன்? நீங்கள் கொடியைக் கட்டி ஆசையாக் கை காட்டுங்கோ. உங்களை நான் மறிக்கேல்லை. நீங்கள் என்னை மறிக்காதேங்கோ."

"நான் மாட்டன் எண்டால்?"

"மாட்டன் எண்டால் கட்டமாட்டன். உங்கடை பல்கனி. ஆனா உங்களோட கதைக்கவும் மாட்டன்."

அமிர்தநாதர் நூலை முடிச்சுப் போட்டுக் கடித்து அறுத்தார். பிறகு எழுந்து பல்கனிக்குப் போய் அகலத்தைச் சாண் வைத்து அளந்தார்.

"வலது பக்கம் உனக்கு. இடது பக்கம் எனக்கு," என்றார். "என்ரை முகத்தில சீலை படக்கூடாது. காத்தடிச்சு என்ரை கொடியில சுத்தினால் கத்தரிக்கோல் வைப்பன். சொல்லிப்போட்டன்."

"நான் தைச்சுத் தருவன்," என்றார் அன்ரி.

---

சனிக்கிழமை நல்ல வெயில், குளிர் காற்று. காலையிலேயே பிரியந்தனும் இன்னொரு பெண் பொலிசும் வந்தார்கள். கூட வந்த நாய் அன்ரியின் சமையலறையில் கறிவேப்பிலைச் சாடியின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு விருப்பமில்லாமல் போனது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். அலுமாரி பார்த்தார்கள். அன்ரி ஒவ்வொரு கதவாகத் தானே திறந்து காட்டினார். பல்கனியில் இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, சூடு ஆறாத குவளையில் ரீ.

கீழே பூங்காவில் மேளம், நடனக் குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கமராக்கள். நான் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். கட்டிடம் முழுக்க வெறும் பல்கனிகள். நடுவில் ஒரேயொரு கறுப்புச் சேலை, வெள்ளை எழுத்துகளோடு இரண்டு மாடி நீளத்துக்குத் தொங்கியது. அதன் இடப்பக்கம் அமிர்தநாதரின் குட்டிக் கொடிகள் படபடத்தன. அவரும் கோட் போட்டுக்கொண்டு, யாரும் நிற்கக்கூடாத பல்கனியில் பாதிக் கதவுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றார். மேலே இரண்டு பொலிஸ் தொப்பிகள். இந்த நகரத்தில் நான் இதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

திரும்பி மேலே வர ஒரு பொலிஸ்காரர் என்னை லிஃப்றில் ஏற விடவில்லை. படியால் ஏறினேன். வந்து சேர்ந்தபோது அன்ரி அங்கிளைக் கதிரையில் இருத்தி, சப்பாத்து மாட்டி, போர்வை போட்டு லிஃப்றடியில் நிறுத்தியிருந்தார். பத்தரை ஆகப் போனது. லிஃப்ற் வரவில்லை.

பிரியந்தன் வெளியே வந்தார். முகம் சரியில்லை. "அன்ரி, அவை ஏர்லியா வருகினம். லிஃப்றை கீழ லொக் பண்ணிட்டினம். எல்லாம் முடியும் வரைக்கும் ஒருதரும் அசையக் கூடாதாம். ஒரு மணித்தியாலம். மக்ஸிமம் ரண்டு."

"பஸ் நிக்காது."

"நான் அவையோட கதைக்கிறன்."

"நீ ப்ராமிஸ் எண்டனி."

"அன்ரி, என்னட்டை இல்லை அது. மேல இருந்து வந்த ஓடர்."

அன்ரி கத்தவில்லை. அங்கிளைப் பார்த்தார். அங்கிள் அவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அன்ரி கதிரையைத் திருப்பினார். வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். விருந்தினர் அறையைத் தாண்டி, பல்கனிக் கதவைத் தாண்டி, பெண் பொலிசின் காலில் படாமல் கவனமாக வளைத்து, கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி நிறுத்தினார். சில்லைப் பூட்டினார்.

"அங்கிள், உள்ள வாங்கோ, ப்ளீஸ்," என்றார் பிரியந்தன். "பல்கனியில ஒருதரும் இருக்கேலாது."

"லிஃப்ற் வந்தால் போறன் தம்பி," என்றார் அங்கிள். "எனக்கும் இஞ்சை குளிருது."

"எதிர்க் கூரையில இருந்து பாத்துக்கொண்டு இருக்கினம்."

"தெரியுது. ஒருத்தர் நிக்கிறார். கை காட்டட்டே?"

அங்கிள் கையை உயர்த்திக் காட்டினார். நான்கு வருடத்தில் பல ஊர்களில் பல பொலிஸ் வரிசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படிப் பயந்ததில்லை. அன்ரியோ கணவரின் கழுத்துக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கதிரையின் பின்னால் போய் நேராக நின்றார். இரண்டு கையையும் கூரைக்காரருக்குத் தெரியும்படி கதிரையின் பிடியில் வைத்தார். ஊரில் இராணுவச் சென்றியில் அப்படித்தான் நின்றிருப்பார்.

"நான் ஒண்டும் மறைக்கேல்லை," என்றார். "ஒரு வருத்தக்காரன், அவற்றை மனுசி. வடிவாப் பாக்கட்டும். ராசா வந்தாலும் நாங்கள் இதிலதான். இல்லாட்டி லிஃப்றை விடுங்கோ."

பெண் பொலிசுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள்தான் முதலில் வோக்கிடோக்கியை எடுத்தாள். அவள் சொன்னது எனக்கு விளங்கியது: "ஒரு நோயாளியை உடனே வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பல்கனி முழுநேரமும் இப்படியே இருக்கும். எனக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்." வோக்கிடோக்கி இரைந்தது. மறுபடி கேட்டாள். இந்த முறை பிரியந்தனும் தன்னுடையதை எடுத்து, அவள் பேசுவதற்கு மேலாகப் பேசினார்.

கீழே மேளம் நின்றிருந்தது. கூட்டம் ஒரு பக்கமாகத் திரும்பியது. அந்த நேரத்தில்தான் நடைக்கூடத்தில் லிஃப்ற் கதவு திறக்கும் மணிச்சத்தம் கேட்டது.

பெண் பொலிஸ் பல்கனியில் நிற்க, பிரியந்தனோடு நாங்கள் நான்கு பேர் ஒரு கதிரையோடு அதற்குள் நெருக்கிக்கொண்டு இறங்கினோம். பின்கதவால் போகலாம் என்றார் ஒரு அதிகாரி. பின்கதவில் மூன்று படி இருப்பதை அன்ரி காட்டினார். அதனால் முன்வாசலால், புதுச் சுண்ணாம்பு வாசத்தினூடாக, பூச்சட்டிகளின் நடுவால், தடுப்பு வேலியைத் திறந்துவிட்டு அங்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அதே நேரத்தில் தெருமுனையில் கறுப்புக் கார்கள் திரும்பின. வரவேற்க நின்றவர்கள் எங்களைப் பார்ப்பதா கார்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். கமரா ஒன்று எங்கள் பக்கம் திரும்பி, பிறகு மேலே சேலைக்குப் போனது. இன்னொன்றும் போனது. காருக்குள் இருந்தவர் அண்ணாந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அமிர்தநாதர் பார்த்தார் என்றுதான் சாதிக்கிறார். தன்னைத்தான் முதலில் பார்த்ததாம்.

பஸ் சாரதி காத்து நின்றார். அங்கிள் அன்றைய சுத்திகரிப்பைத் தவறவிடவில்லை.

---

செவ்வாய்க்கிழமை மனேஜர் மறுபடி வந்தார். சேலையைக் கழற்றவேண்டும் என்றார். விழா முடிந்துவிட்டது, பூச்சட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. செய்தியில் படம் வந்ததால் கட்டிடத்தின் தோற்றம் கெடுகிறதாம்.

அன்ரி என்னிடம் திரும்பினார். "அண்டைக்குப் பாதுகாப்பு எண்டார். அதுக்கு நான் பொலிசையே கூட்டி வைச்சிருந்தன். இண்டைக்கு எதுக்காம்? கேள்."

கேட்டேன். தோற்றம் என்று திரும்பச் சொன்னார்.

"அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லு."

வீட்டைக் காலி செய்யும் விண்ணப்பம் வந்தது. விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கிழமையே நாலாம் மாடியில் ஒரு கறுப்புப் போர்வை தொங்கியது. பிறகு ஒன்பதாம் மாடியில் இன்னொன்று. பிலிப்பைன்ஸ் பெண் தன் கறுப்பு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து எழுத்துத் தைத்துத் தரும்படி கேட்டாள். 'தயவுசெய்து' வேண்டுமா என்று நான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அமிர்தநாதர் கடதாசிக் கொடிகளைச் சுருட்டிவைத்துவிட்டு, இடது பக்கமும் இப்போது காலியாக இருப்பதாகச் சொல்லியனுப்பினார்.

நான் பயணச்சீட்டை மாற்றிவிட்டேன். விசாரணைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

இன்று காலை கீழே இரண்டு பேர் ஓடாத லிஃப்றின் பளபளத் தகட்டைக் கழற்றி ஓரத்தில் சாத்திவிட்டு, உள்ளே விளக்குப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலே ஓடி வந்து சொன்னேன். அன்ரி வேலைக்குப் போக மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை.

"அப்ப சீலையைக் கழட்டுவமோ?" என்று கேட்டேன்.

"கழட்டுறதோ," என்றார் அவர், டப்பாவின் மூடியை அழுத்தி மூடியபடி. "முதல் அது பன்னிரண்டாம் மாடிக்கு வரட்டும். வந்து, இவரை ஏத்திக்கொண்டு இறங்கட்டும். இறக்கினது திரும்ப ஏத்தட்டும். ஒரு குளிர்காலம் ஓடட்டும். அதுக்குப் பிறகு யோசிப்பம்."